தீயணைப்பு நிலையத்தின் ஓராண்டு

"எல்லாம் எரிந்து முடிந்த பிறகுதான் வண்டி வந்தது." கூரை வீடு எரிந்த எந்த ஊரிலும் மறுநாள் காலை தேநீர்க் கடையில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வண்டியில் வந்தவர்கள் மீதும் குற்றமில்லை. இவ்விரண்டும் ஒருசேர உண்மையாவது எப்படி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு, ஜெயங்கொண்டம் போன்ற ஒரு சிறு நகரத்தின் தீயணைப்பு நிலையத்திற்கு ஓராண்டு எப்படிக் கழிகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

தீயிலிருந்து ஊரைக் காக்கும் ஏற்பாடு நம் நாட்டிற்குப் புதிதன்று. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் நகரக் காவலைப் பற்றிக் கூறுமிடத்தில், வீடுதோறும் தண்ணீர்ப் பானை, ஏணி, கோடரி, கொக்கி, தோற்பை முதலியன இருக்க வேண்டும் என்கிறது. பக்கத்து வீடு எரியும்போது உதவிக்கு ஓடாத வீட்டுக்காரருக்குத் தண்டமும் விதிக்கிறது. இதில் கொக்கி என்ற கருவியை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பற்றிக்கொண்ட கூரையைத் தண்ணீர் ஊற்றி அணைப்பது கடினம். கொக்கியால் பிடித்திழுத்துக் கீழே தள்ளிவிட்டால் தீ அடுத்த கூரைக்குத் தாவாது. நம் ஊர்களில் துரட்டிக் கோலைக் கொண்டு இன்றும் செய்வது இதையேதான். உரோமாபுரியில் கி.பி. 6-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் மன்னர் இரவுக் காவலுக்கும் தீயணைப்புக்குமாக ஒரு படையையே அமைத்தார். சென்னை நகரில் தீயணைப்புப் படை தோன்றியது 1908-இல்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. மும்பை போன்ற இடங்களில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கீழ் இயங்குகிறது. தமிழகத்தில் அது மாநில அரசின் ஒரு துறை. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்பது அதன் இன்றைய பெயர். ஆகவே ஜெயங்கொண்டம் நிலையம் நகராட்சிக்கு உரியதன்று. நகரத்து வீதிகளைப் போலவே சுற்றியுள்ள சிற்றூர்களும், முந்திரித் தோப்புகளும், நெடுஞ்சாலையும் அதன் பொறுப்பில் அடங்கும். தீயை அணைக்கவோ உயிரை மீட்கவோ இத்துறை எவரிடமும் கட்டணம் பெறுவதில்லை என்பதும் பலர் அறியாத செய்தி. கட்டணத்திற்கு அஞ்சி 101-ஐ அழைக்கத் தயங்குவோர் இன்றும் சிலர் உண்டு.

காலக்கணக்கும் தண்ணீர்க் கணக்கும்

இனி முதலில் சொன்ன குறைக்கு வருவோம். நிலையத்திலிருந்து 15 கி.மீ. தொலைவில் ஒரு சிற்றூர் இருப்பதாகக் கொள்வோம். அழைப்பு வந்தவுடன் மணி ஒலிக்கிறது. ஒரு நிமிடத்திற்குள் வண்டி வாயிலைத் தாண்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நம் கிராமச் சாலையில், எதிரே கரும்பு வண்டியும் ஆட்டு மந்தையும் வரும் வழியில், தண்ணீர் நிறைந்த கனமான வண்டி சராசரியாக மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் செல்வதே அரிது. அப்படிச் சென்றாலும் 20 நிமிடம் ஆகும். தீயைக் கண்டவர் பதறி, அக்கம்பக்கத்தாரைக் கூவி அழைத்து, பிறகு எண்ணை நினைவுகூர்ந்து பேசிய நேரம் இதில் சேரவில்லை. சித்திரை வெயிலில் காய்ந்த கீற்றுக் கூரையோ பத்து நிமிடத்தில் கீழே இறங்கிவிடும்.

எனவே பெரும்பாலான சிற்றூர்த் தீவிபத்துகளில், வண்டி கிளம்பும்போதே முதல் வீட்டின் விதி முடிந்துவிடுகிறது. வண்டி போவது இரண்டாவது வீட்டுக்காக. மூன்றாவது, நான்காவது வீட்டுக்காக. அந்த வீடுகள் எரியாமல் நிற்பதை யாரும் தேநீர்க் கடையில் பேசுவதில்லை. எரியாத வீட்டில் பேச என்ன இருக்கிறது?

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. நீர்தாங்கி வண்டியில் பொதுவாக 4,500 லிட்டர் தண்ணீர் கொள்ளும். நடுத்தர அளவுள்ள குழாய்முனை ஒன்று நிமிடத்திற்குச் சுமார் 300 லிட்டர் தண்ணீரைப் பீய்ச்சும். இரண்டு குழாய்களைத் திறந்தால் ஏழரை நிமிடத்தில் தொட்டி காலி. அதன்பின் என் செய்வது? அருகிலுள்ள குளம், ஏரி, பம்பு செட்டுத் தொட்டி இவற்றை நாட வேண்டும். பக்கத்துக் குளம் தூர்ந்து கிடக்கும் ஊரில் வண்டி மீண்டும் நீர் நிரப்பிவரப் பல கி.மீ. போக நேரும். ஒரு காலத்தில் தெருக்கோடியில் குளம் வெட்டிய நம் முன்னோர் தீயை நினைத்து வெட்டினார்களோ இல்லையோ, அக்குளம் தூர்ந்ததன் பலனை முதலில் உணர்பவர்கள் தீயணைப்போரே.

தண்ணீர் தீயை அணைப்பது குளிர்ச்சியால் மட்டுமன்று. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்கு 540 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது; ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,700 லிட்டர் நீராவியாக விரிந்து, எரியும் பொருளைச் சுற்றியுள்ள காற்றை விலக்குகிறது. தண்ணீரைத் துளிகளாகச் சிதறடித்துப் பாய்ச்சினால் அது விரைவில் ஆவியாகும். குடம் குடமாகக் கொட்டுவதைவிடக் குழாய்முனை வலியதாவது இதனால்தான்.

பருவங்கள்

அலுவலகப் பதிவேட்டில் ஆண்டு சனவரியில் தொடங்கும். ஆனால் வேலை தமிழ் மாதங்களைப் பார்த்துத்தான் வருகிறது. உழவனின் ஆண்டு எதுவோ, தீயணைப்போரின் ஆண்டும் அதுவே எனலாம்.

தை, மாசியில் அறுவடை. போகியன்று பழையன எரிப்பதில் தொடங்கி, வைக்கோலில் வந்து நிற்கும். வருமுன் காவாதவன் வாழ்க்கைக்கு வள்ளுவர் காட்டும் உவமையே நெருப்பின் முன் நிற்கும் வைக்கோற் போர்தான். அவர் காலத்திலேயே இது பழகிப்போன காட்சி போலும். வைக்கோல் தீ இரண்டு வழிகளில் வருகிறது. அளவுக்கு மேல் உயர்த்தி ஏற்றிய டிராக்டரோ லாரியோ தாழத் தொங்கும் மின்கம்பியில் உரசுவது ஒன்று. மற்றொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். ஈரம் காயாத வைக்கோலை அப்படியே போர் போட்டால், நுண்ணுயிர்களின் செயலால் உள்ளே வெப்பம் மிகுந்து, வெளியேற வழியின்றி, இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தானே பற்றிக்கொள்ளும். "யாரோ பகையாளி வைத்துவிட்டான்" என்று ஊர் இரண்டுபடும் சில வழக்குகளில் உண்மைக் குற்றவாளி இந்த ஈரமாக இருக்கலாம்.

போர் பற்றினால் மேலே தண்ணீர் அடித்துப் பயனில்லை. மேற்புறம் கறுத்து அடங்கிவிடும். உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரியாகப் பிரித்துப் போட்டு நனைக்க வேண்டும். புகையில் கண் எரிய, மண்வெட்டியும் கவைக்கோலுமாக அரைநாள் வேலை அது. வெளியூர்க்காரர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். இரண்டு கறவை மாடுகளை நம்பி வாழும் ஒரு குடும்பத்திற்கு அந்தப் போர் ஓராண்டுத் தீவனம். போர் எரிந்த மாதத்திலேயே மாட்டைச் சந்தைக்கு ஓட்டியவர்கள் உண்டு.

பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் நிலையத்தில் எவரும் நிம்மதியாக உணவருந்தாத மாதங்கள். சாலையோரப் புல், குப்பைமேடு, கரும்புத் தோட்டம், தைலமரக் காடு, கூரை வீடு என்று அழைப்புகள் வந்த வண்ணம் இருக்கும். இவற்றுள் நம் பகுதிக்கே உரியது முந்திரித் தோப்புத் தீ. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரத்தின் செம்மண் நிலத்தில் முந்திரி விரிந்து கிடக்கிறது. கொட்டை பொறுக்கும் பருவமும் கடுங்கோடையும் ஒன்றாக வருகின்றன. மரத்தடியில் ஓராண்டுச் சருகு. தாழப் படர்ந்த கிளைகள். கொட்டையின் ஓட்டிலோ எளிதில் பற்றக்கூடிய, தோலில் பட்டால் புண்ணாக்கும் எண்ணெய். யாரோ எறிந்த பீடித்துண்டு போதும்.

தோப்புக்குள் வண்டி நுழையாது. குழாய் எட்டும் தூரம்வரை தண்ணீர். அதற்கப்பால் பச்சைத் தழைகளை ஒடித்து அடிப்பதும், தீ வரும் திசையில் சருகைக் கூட்டித் தள்ளி வெறுந்தரையாக ஒரு பாதை உண்டாக்குவதும்தான் வழி. அப்பாதையை எந்தப் பக்கம் உண்டாக்குவது என்பதை அந்தத் தோப்புக்காரரே நன்கறிவார். காற்று எப்போது திரும்பும், எந்த வரப்பில் சருகு குறைவு, எங்கே கிணறு உண்டு என்பவை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கற்றுத் தரப்படுவதில்லை. வந்திறங்கியவுடன் அனுபவமுள்ள தீயணைப்போர் முதலில் தேடுவது ஊர்ப் பெரியவர் ஒருவரையே.

கூரை வீட்டுத் தீயைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. மறுநாள் வருவாய்த் துறையினர் அரிசியும் வேட்டி சேலையும் ஒரு சிறு தொகையும் தருவர். ஆனால் கூரையோடு போனவை வேறு: பெட்டியில் இருந்த நிலப் பத்திரம், குடும்ப அட்டை, மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த நகை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். சான்றிதழுக்குப் படி பெற அலையும் மாணவரை நம் வகுப்பறைகளிலேயே காணலாம். கூரைகளுக்குப் பதில் கான்கிரீட் வீடு தரும் அரசுத் திட்டங்கள் 2010-இலும், பின்னர் 2024-இல் 'கலைஞரின் கனவு இல்லம்' என்ற பெயரிலும் வந்தன. தீயணைப்புக் கண்ணோடு பார்த்தால், ஒரு தெருவில் நான்கு கூரைகளுக்கு நடுவே ஒரு தளவீடு எழுவதுகூடத் தீ தாவுவதைத் தடுக்கும் சுவராகும்.

ஆடியில் காற்று. அம்மியே பறக்கும் என்ற மாதத்தில் தீப்பொறி எம்மாத்திரம்? அதே மாதத்தில் தண்ணீரும் வருகிறது. மேட்டூரில் மிகை நீர் திறந்தால் அதைச் சுமப்பது கொள்ளிடம். 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்டு மாதத்தில் நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கன அடி நீர் மேட்டூரிலிருந்து வெளியேறியது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றை, திடீரென நீர் வரும்போது மக்கள் சரியாக மதிப்பிடுவதில்லை. மணல் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்துவிடும். ஆடிப் பெருக்கன்று கொள்ளிடக் கரையில் கயிறும் மிதவையுமாக நிற்பவர்களும் இதே தீயணைப்போர்தாம்.

ஐப்பசியில் தீபாவளி. இராக்கெட் வெடி கூரையில் விழுவது ஒருபுறமிருக்க, வெடி செய்யும் இடங்களே பெரிய அச்சம். நம் அரியலூர் மாவட்டத்து விரகாலூரில், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பாக, 2023 அக்டோபர் 9 அன்று வெடி தயாரிக்கும் இடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேதியியல் மாணவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். வெடிமருந்தில் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தரும் பொருளும் கலந்தே இருக்கிறது. ஆகவே காற்றைத் தடுத்து அதை அணைக்க முடியாது. அங்கே தீயணைப்போர் செய்யக்கூடியது, இன்னும் பற்றாதவற்றை நனைப்பதும் உயிரோடிருப்பவர்களை அப்புறப்படுத்துவதுமே.

கார்த்திகையில் மழை, மரம் விழும், சுவர் இடியும். வளைகளில் நீர் புகுவதால் பாம்பு வீட்டுக்குள் வரும். வேலை தீயிலிருந்து மீட்புக்கு மாறும் காலம் இது.

மீட்பு என்னும் பெரும்பகுதி

துறையின் பெயரில் 'மீட்பு' என்ற சொல் இடம்பெற்றது அலங்காரத்திற்கன்று. தமிழகம் முழுவதும் இன்று மீட்பு அழைப்புகளே தீ அழைப்புகளை விட மிகுதி. சமையலறையில் நல்ல பாம்பு, கிணற்றில் பசு, குடத்துக்குள் தலை மாட்டிய நாய், நெடுஞ்சாலையில் லாரிக்கடியில் நசுங்கிய கார் என அழைப்புகள் பல வகை. திருச்சி–சிதம்பரம் சாலையும் விருத்தாசலம்–கும்பகோணம் சாலையும் கூடுமிடம் ஜெயங்கொண்டம். சிமெண்டு லாரிகளுக்கும் குறைவில்லை. ஆகவே கடைசியாகச் சொன்ன வகை நமக்குப் புதிதன்று.

கிணற்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டு, அண்டை மாவட்டமான பெரம்பலூரில் செல்லியம்பாளையத்துக் கிணறு ஒன்றில் இறங்கிய இளைஞர் மயங்கி விழுந்தார். மீட்க இறங்கிய தீயணைப்போர் ஒருவரும் உள்ளிருந்த நச்சுக் காற்றால் உயிரிழந்தார். அந்த இளைஞரையும் காப்பாற்ற இயலவில்லை. பயிற்சி பெற்றவருக்கே இக்கதியென்றால், பதறிக் குதிக்கும் அண்ணன் தம்பியரின் நிலை என்ன? ஒருவரைத் தேடி இன்னொருவர், அவரைத் தேடி மூன்றாமவர் என்று ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து உயிர் போன செய்திகளை நாம் நாளிதழில் படித்தே இருக்கிறோம்.

காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு. பாழுங்கிணற்றில் அழுகும் தழைகளால் உண்டாகும் கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. அது அடியில் தேங்கி, ஆக்சிஜனை மேலே தள்ளிவிடும். வெடி வைத்துத் தோண்டிய கிணற்றிலும், டீசல் எஞ்சினை உள்ளே இறக்கி ஓட்டிய கிணற்றிலும் கார்பன் மோனாக்சைடு சேரும்; அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாவிட்டால் இறங்கலாம் என்ற பழைய சோதனை ஆக்சிஜன் குறைவை ஓரளவு காட்டுமே தவிர, எல்லா நச்சு வாயுக்களையும் காட்டாது. எரியும் வாயு இருந்தால் விளக்கே வெடிக்குக் காரணமாகிவிடும். மயங்கியவரைக் கண்டு மேலே நின்றபடி கயிறு விட்டு, 101-க்குச் சொல்லிக் காத்திருப்பது கல்நெஞ்சம் போலத் தோன்றும். மூச்சுக்கருவி இல்லாமல் இறங்குவது அவருக்குத் துணையாகச் சாவதன்றி வேறன்று.

திறந்து கிடக்கும் ஆழ்துளைக் கிணறு மற்றொரு கொடுமை. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததும், 80 மணி நேரத்திற்கு மேல் நடந்த முயற்சி பலிக்காததும் எவருக்கும் மறந்திராது. ஓர் இரும்பு மூடியின் விலை என்ன இருக்கும்?

அணைக்கரைக்கு அப்பால்

அணைக்கரைப் பாலத்தைத் தாண்டினால் கும்பகோணம். 2004 சூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் வெந்து மடிந்தனர். சமையற்கூடத்தில் தோன்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரியும் கூரை குழந்தைகள் மேல் விழுந்தது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன் 1997 சூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் பற்றி 48 பேர் இறந்தனர். இரண்டிடத்திலும் கீற்று, கூட்டம், வெளியேறப் போதாத வழி. நம் பகுதியினர் பலருக்கு அந்தப் பள்ளியில் உறவோ அறிமுகமோ இருந்தது. கும்பகோணத்துக்குப் பின் தமிழகப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. இன்று நிலையத்தார் பள்ளி, மண்டபம், திரையரங்குகளைப் பார்வையிடும்போது முதலில் கேட்பது தீயணைப்பானைப் பற்றியன்று. இரண்டாவது வாயில் எங்கே, அது பூட்டாமல் இருக்கிறதா என்பதையே. திருமண மண்டபங்களில் அவ்வாயிலின் முன் நாற்காலி அடுக்கி வைக்கும் வழக்கத்தை நாமே கண்டிருக்கிறோம். மணமகன் வீட்டாரும் கண்டதில்லை போலும்!

வண்டி வரும்வரை

அந்த 20 நிமிடம் நம்முடையது. அழைப்பவர் ஊரின் பெயரோடு ஒன்றியத்தையும், சாலையோர அடையாளம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர் இருப்பது நம் பக்கத்து வழக்கம். ஒருவர் முதன்மைச் சாலைக்கு வந்து நின்று வழிகாட்டினால் ஐந்து நிமிடம் மிச்சமாகும். இப்போது அங்கே நிற்பவர் கையில் பெரும்பாலும் கைபேசி. படமெடுக்கும் மும்முரத்தில் வண்டிக்கு வழிவிடுவதும் மறந்துபோகிறது. மின் இணைப்பைத் துண்டிக்கும்வரை தண்ணீர் ஊற்றலாகாது. வாணலியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் பகை. தட்டால் மூடி அடுப்பை அணைத்தாலே போதும்.

வீட்டு எரிவாயு உருளையில் 14.2 கிலோ வாயு உண்டு. அது காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு படர்ந்து கட்டிலுக்கடியிலும் பள்ளத்திலும் தங்கும். கசிவு மணம் வந்தால் மின்விளக்கைப் போடவும் கூடாது, எரிவதை அணைக்கவும் கூடாது. சுவிட்சின் சிறு பொறி இரண்டிற்கும் ஒன்றே. கதவு, சன்னலைத் திறந்து, உருளையின் திருகை மூடி வெளியேற வேண்டும். தீக்காயத்தில் பேனா மை, இட்லி மாவு, பற்பசை பூசும் வைத்தியம் படித்தவர் வீட்டிலும் நடக்கிறது. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுவதே முதலுதவி.

ஏப்ரல் 14

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில், பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றிய 'ஃபோர்ட் ஸ்டிகீன்' என்ற கப்பல் வெடித்தது. கப்பலில் தோன்றிய தீயை அணைக்கச் சென்ற 66 தீயணைப்போர் உயிரிழந்தனர். அவர்கள் நினைவாக அந்நாளிலிருந்து ஒரு வாரம் நாடெங்கும் தீத்தொண்டு வாரமாக அமைகிறது. 2020 நவம்பர் 14, தீபாவளியன்று அதிகாலை, மதுரையில் துணிக்கடைத் தீயை அணைக்கும்போது கட்டடம் இடிந்து இரு தீயணைப்போர் மாண்டனர். இத்தகைய அண்மைக் கால இழப்புகளையும் அவ்வாரத்தில் நினைவுகூர்கின்றனர்.

நமக்கு அது சித்திரை முதல் நாள். ஊரே புத்தாண்டு கொண்டாடும் காலையில் நிலையத்தில் அஞ்சலி. பிறகு வாரம் முழுவதும் பள்ளியிலும் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் செயல்விளக்கம். கடுங்கோடையின் நடுவில் இது நடப்பதால், பாதியில் முந்திரித் தோப்பிலிருந்து அழைப்பு வருவதும் உண்டு. குழாயைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மாணவர்களுக்குக் காட்டச் செலவிட்ட தண்ணீர் தோப்பில் இரண்டு நிமிடக் குறைவாகத் தெரியும். ஆகவே செயல்விளக்கம் முடிந்ததும், தேநீர் அருந்தும் முன்பே தொட்டியை நிரப்பி வைக்கிறார்கள்.